ஒரு குரைப்பும் அதன் நகலும்

அரசாங்கப் பொருள் ஒன்றைத் தூக்கி எறிவதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்று பேர் கொண்ட சபை அதைப் பார்வையிட வேண்டும். பாவனைக்கு உதவாது என்று மூவரும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதன் பிறகும் அது குறைந்தது இரண்டு மழைக்காலம் கந்தோரின் பின்பக்கத்தில் கிடந்து நனைய வேண்டும். கண்டியில் அப்படியான ஒரு கந்தோரில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ஒரு திங்கட்கிழமை காலை என் மனைவியின் போன், மகளோடு பேசுகிற செயலி இந்த மாத முடிவோடு தன்னில் வேலை செய்யாது என்று அறிவித்தபோது, புதிய போன் வாங்கும் யோசனையை நான் உடனே நிராகரித்தேன். போனில் உடைவில்லை, கீறலில்லை. அதன் இயங்குதளம் கிழடாகிவிட்டது, அவ்வளவுதான். அது காரணமாகுமென்றால் என்னையும் கந்தோரின் பின்பக்கத்தில் போட வேண்டியிருக்கும்.

மனைவி அந்தப் போனை இரண்டு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறாள். ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்பேர்னில் இருக்கும் மகளோடு பேசுவது. மற்றது, குரங்கு விரட்டுவது. மகள் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவாள். குரங்குகள் தினமும் வரும்.

எங்கள் வீடு உடவத்தகலைக் காட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. அங்கே வீடு கட்டியவர்கள் மரம் குரங்குக்கு, கூரை நமக்கு என்று நினைத்துக்கொண்டு குடிவருவார்கள். குரங்குகள் அப்படியொரு பிரிவினையைக் கேள்விப்பட்டதில்லை. ஏழு வருடத்துக்கு முன்னர் மனைவி தெல்தோட்டையில் இருக்கும் தன் தங்கை வீட்டிலிருந்து ஒரு பட்டர்ஃபுரூட் கன்றை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து பின்வளவில் நட்டாள். ஆறு வருடமாக அது இலைகளை மட்டும் உற்பத்தி செய்தது. இந்த வருடம்தான் முதல்முறையாகக் காய்த்தது. இருபத்தாறு காய். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அவள் எண்ணினாள். மகளுக்குக் கமராவில் ஒவ்வொன்றாகக் காட்டினாள், அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் நேரிலே காட்டினாள். எங்கள் மகள் பிறந்தபோதுகூட அவ்வளவு பேருக்குக் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

காய்களைக் காப்பாற்றியது ஒரு நாய். அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் இருந்தார். அவருடைய நாய் அது. முழங்கால் உயரம்கூட இல்லை, நீளம் மட்டும் தேவைக்கு மேல். ஆனால் அது குரைத்தால் மூன்று வீட்டுக் கூரைகளில் இருக்கும் குரங்குகளும் காட்டுக்குள் போய்விடும். நான்கு மாதத்துக்கு முன்னர் அந்த அம்மா நாயையும் கூட்டிக்கொண்டு வத்தேகமவில் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். போவதற்கு முதல் வாரம் மனைவி நாயின் குரலைத் தன் போனில் பதிந்துகொண்டாள். நாற்பது விநாடி. பின்யன்னலில் ஒரு சிறிய ஸ்பீக்கரை மழைக்குப் பொலித்தீன் பை சுற்றித் தொங்கவிட்டு, குரங்கு வந்ததும் போனிலிருந்து நாயை அவிழ்த்துவிடுவாள். பட்டாசுக்கும் தகரத் தட்டலுக்கும் தலையைக்கூடத் திருப்பாத குரங்குகள் இந்த நாற்பது விநாடிக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடின.

சரிவில் எங்களுக்கு மேலேயுள்ள வீட்டு அம்மா அந்தப் பதிவைத் தனக்கும் அனுப்பும்படி இரண்டு முறை கேட்டார். மனைவி கொடுக்கவில்லை.

"அவங்க அங்கருந்து விரட்டினா அது எங்க வரும்? நம்ம மரத்துக்குத்தான் வரும்" என்றாள் என்னிடம்.

ஆக, உலகத்தில் அந்தக் குரைப்பு ஒரே ஓர் இடத்தில் இருந்தது. நான் பழுதுபார்க்கப் புறப்பட்ட அந்தப் போனில்.

முதலில் முறைப்படி டவுனுக்குப் போய், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் காட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்து, நாடி பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"சேர், இதுக்கு வயசாயிட்டு. புதுசு ஒண்டு எடுங்க."

"இயங்குதளத்தை மட்டும் புதுப்பிக்க முடியாதா?"

"கம்பனிக்காரன் தாறத்த நிப்பாட்டிட்டான்."

"கம்பனி தராவிட்டால் வேறு ஆட்கள் செய்து, சும்மாவே கொடுக்கிறார்களாம். நான் வாசித்தேன்."

நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "வாசிச்சீங்களா? சேர், அது இள வயசுக்காரங்க செய்ற வேல. நடுவுல கரண்ட் போனா போன் மௌத்து. பொறகு எனக்கிட்டக் கொண்டு வந்தா நான் ஓதி அடக்கத்தான் ஏலும்."

இள வயசுக்காரர்களின் வேலை என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அன்றைக்கே புதிய போன் வாங்கியிருக்கவும் கூடும்.

வீட்டுக்கு வந்து கணினியில் உட்கார்ந்து, அந்தப் போன் வகைக்கென்று யாரோ புண்ணியவான்கள் செய்து வைத்திருந்த இயங்குதளத்தையும் அதை ஏற்றும் வழிமுறையையும் கண்டுபிடித்தேன். பதினான்கு பக்கம். அச்சிட்டு எடுத்தேன். அதை எழுதியவர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது, ஆனால் எங்கள் திணைக்களத்தில் இருந்திருக்க வேண்டியவர். ஒவ்வொரு படிக்கும் இலக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், இதனால் ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் தாம் பொறுப்பல்ல என்ற வாசகம். இரண்டு முறை வாசித்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக எதையும் வாசித்ததில்லை.

பிறகு ஒரு கோவை திறந்தேன். மேலட்டையில் "கைத்தொலைபேசி (மனைவி): இயங்குதளம் மாற்றல்" என்று எழுதினேன்.

மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அடைப்புக்குறிக்குள்ள மனைவின்னு எதுக்கு? வேற யாரு யாருக்கு கோவை வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

பெட்டகம் திறப்பதற்கு இரண்டு உத்தியோகத்தர்கள் வேண்டும் என்பது விதி. எனக்கு இரண்டாவது உத்தியோகத்தராக ஒரே ஒருவரைத்தான் கூப்பிடலாம். எங்கள் கந்தோரில் உள்ளகக் கணக்காய்வாளராக இருந்த நண்பர். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வருடமாகப் பேராதனையில் இருக்கிறார். இன்னும் சட்டைப் பையில் சிவப்புப் பேனை. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"வாறன்" என்றார். "ஆனா ஒண்டு. கண்ணால காணாத ஒண்டுக்கும் நான் கையொப்பம் வைக்கமாட்டன்."

செவ்வாய்க்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையைத் துடைத்து, மடிக்கணினி, வயர், கோவை, போன் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினேன். மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"என்ன வேணும்னாலும் செய்ங்க. என் நாய் போகக்கூடாது."

"இரண்டாம் படியே அதுதான்" என்று கோவையைக் காட்டினேன். முக்கியமான அனைத்தையும் நகல் எடுக்கவும் என்று எழுதியிருந்தது. நான் அதன் கீழ் ஏற்கெனவே கோடிட்டிருந்தேன்.

நகல் எடுப்பது எனக்குப் புதிதல்ல. என் சேவைக் காலத்தில் நான் எடுத்த நகல்களை அடுக்கினால் உடவத்தகலை உச்சி வரைக்கும் போகும். ஒரு கடிதம் வெளியே போனால் அதன் கந்தோர் பிரதி அந்தக் கோவைக்குள்ளேயே இருக்க வேண்டும். வேறு கோவையில் வைக்கக்கூடாது. வேறு அலுமாரியில் வைப்பது பெரும் குற்றம். அப்படி வைத்த ஒரு லிகிதருக்கு நானே விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஆகவே போனுக்குள் "நகல்" என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, படங்கள், செய்திகள், நாய் எல்லாவற்றையும் அதற்குள் ஒவ்வொன்றாகப் பிரதி செய்து வைத்தேன்.

நண்பர் சும்மா விடவில்லை. அசல் எத்தனை, நகல் எத்தனை என்று எண்ணினார். இரண்டு தொகையும் ஒத்துப்போயின.

"நாயைப் போடும், கேப்பம்" என்றார்.

அசல் நாயை நாற்பது விநாடி கேட்டோம். பின்வளவில் குரங்குகள் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு நகல் நாயை நாற்பது விநாடி கேட்டோம். ஓடிப்போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த குரங்குகள் மறுபடி ஓடின.

"ரெண்டும் ஒண்டுதான்" என்று நண்பர் கோவையில் சிவப்பில் எழுதினார்: நகல் பரீட்சிக்கப்பட்டது, சரி. கையொப்பம். கீழே நானும் கையொப்பமிட்டேன். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னை முழுதாக நம்பிய சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

மூன்றாம் படி வேடிக்கையானது. போனைப் பற்றிய விபரங்களில் அதன் பதிப்பு இலக்கத்தை ஏழு முறை தட்ட வேண்டும்.

"ஏன் ஏழு?" என்றார் நண்பர்.

"ஏழு என்று எழுதியிருக்கிறது."

"அப்ப சரி."

ஏழாவது தட்டில் போன், நீங்கள் இப்போது ஓர் உருவாக்குநர் என்று எனக்கு அறிவித்தது.

"பாருங்க" என்றாள் மனைவி. "முப்பத்தஞ்சு வருஷமா கந்தோர்ல கேட்டு அலைஞ்சு கிடைக்காத பதவி உயர்வு."

அடுத்தது பூட்டுத் திறத்தல். கம்பனி தன் இயங்குதளத்தைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதபடி ஒரு பூட்டுப் போட்டிருக்கும். அதைத் திறந்தால்தான் புதியது போகும். கணினியில் கட்டளையைத் தட்டினேன். போனின் திரை கறுத்து, ஒரு எச்சரிக்கை வந்தது. நண்பர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு திரையில் படும்படி குனிந்து வாசித்தார்.

"பூட்டைத் திறந்தால் இந்தப் போனில் இருக்கிற எல்லாம் அழிக்கப்படும் எண்டு கிடக்கு."

"தெரியும். ஆறாம் பக்கத்திலும் இருக்கிறது."

"நகல் இருக்குதெல்லோ?"

"நீங்களே கையொப்பம் வைத்தீர்களே."

"ஓம், கண்ணால கண்டனான். அமத்தும் ஐசே."

அமத்தினேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரு பிழையும் இல்லாத வேலை. இதை நான் இன்றைக்கும் சொல்லுவேன். வயரை ஆட்டாமல் இருப்பதற்காக நண்பர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே இருந்தார். மின்சாரம் போகவில்லை. புதிய இயங்குதளம் ஏறிக்கொண்டு வந்து நாற்பத்தேழு வீதத்தில் நின்றது. நண்பருக்கு முகம் வெளுத்தது. நான் பதினோராம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்: நாற்பத்தேழில் நிற்கும், அதுவே முடிவு, அஞ்ச வேண்டாம். எவ்வளவு அழகான ஆவணம்! போன் அணைந்து, மறுபடி எழும்பியது. புதிய எழுத்து, புதிய நிறம், தொட்டவுடன் திறக்கிற வேகம். மகளோடு பேசும் செயலியைப் போட்டோம். எந்த முறைப்பாடும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. நானாவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

"நல்ல வெளிச்சமா இருக்கு" என்றார் நண்பர்.

"நாயப் போடுங்க" என்றாள் மனைவி. "பெரிய குரங்கு வந்துட்டுது."

"இதோ, நகலில் இருக்கிறது" என்று கோப்புறைகளைத் திறந்தேன். இயங்குதளம் தன் சொந்தக் கோப்புறைகளை வைத்திருந்தது. எல்லாம் வெறுமை. "நகல்" என்ற பெயரில் ஒன்றும் இல்லை. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். நண்பர் போனை வாங்கி மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கும் இல்லை.

எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. போனில் இருக்கிற எல்லாம் அழிக்கப்படும் என்றால், போனில் இருக்கிற நகலும் போனில் இருக்கிறதுதான். இதை முதலில் விளங்கிக்கொண்டவள் மனைவி. அவள் கந்தோரில் வேலை பார்த்ததில்லை.

"நகலையும் அதுக்குள்ளயா வச்சீங்க?"

நான் நண்பரைப் பார்த்தேன். நண்பர் கோவையைப் பார்த்தார்.

"நகல் இருக்குதெண்டுதான் நான் கையொப்பம் வைச்சனான்" என்றார். "அது எங்க இருக்குதெண்டு என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை."

பின்வளவில் எதுவோ விழுந்தது. பட்டர்ஃபுரூட் விழுகிற சத்தம் எனக்கு அன்றிலிருந்துதான் அடையாளம் தெரியும். மனைவி தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பிற்பகலே போனைக் கொண்டு மறுபடி நானாவிடம் போனேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். மறைக்காமல் சொல்வதுதான் முறை. அவர் நடுவில் ஒருமுறை எழுந்து, பின்பக்கம் போய், முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சிரித்திருக்க வேண்டும்.

"வூட்டு மத்தச் சாவிய வூட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டின கத சேர் இது."

"மீட்க முடியாதா?"

"ஏலா. அந்தப் பூட்டு உள்ளுக்கு ஈக்கிற எல்லாத்தயும் தூளாக்கிட்டுத்தான் திறக்கும்." போனைத் திருப்பித் தந்தார். "நகல் எடுக்க மறந்துட்டு வாற ஆள் எத்தனையோ பேர். நகலும் எடுத்து, செக் பண்ணி, ரெண்டு பேர் கையெழுத்தும் வச்சுத் தொலச்சிட்டு வந்தது நீங்க மட்டுந்தான். ஆனா சேர், புது சிஸ்டம் நல்லா ஏறியிருக்கு. பாராட்டணும்."

அந்தப் பாராட்டை நான் வீட்டில் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து குரங்குகளுக்கு எந்தத் தடையும் இல்லை. இணையத்தில் நாய் குரைப்புக்கா பஞ்சம்? காவல் நாய், வேட்டை நாய், பனிநாட்டு நாய் என்று ஒவ்வொன்றாக இறக்கி ஸ்பீக்கரில் போட்டேன். குரங்குகள் தண்ணீர்த் தாங்கியின் மேல் உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு கேட்டன. ஒரு சிங்கத்தைக்கூடப் போட்டேன். ஒரு குட்டி மட்டும் தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. தாய் பட்டர்ஃபுரூட்டை ஒரு கடி கடித்து, பழுக்கவில்லை என்று கண்டு, எறிந்துவிட்டு அடுத்ததைப் பறித்தது. அதுதான் அவற்றின் முறை. ஒவ்வொரு காயையும் பரீட்சித்து, ஒவ்வொன்றையும் நிராகரிக்கும். ஒருமுறை யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே குரைத்துப் பார்த்தேன். மேல் வீட்டு அம்மா யன்னலைச் சாத்தினார். வேறு விளைவு இல்லை.

மனைவி விடியற்காலையிலிருந்து மரத்தடியில் கதிரை போட்டுத் தும்புத்தடியோடு காவல் இருந்தாள். சமையல் அரைகுறை. பேச்சு அதைவிட அரைகுறை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "பதினாலு" என்றாள். மிச்சமுள்ள காய்களின் தொகை அது. சாப்பாடு முழுக்க அந்த ஒரு சொல்தான்.

சும்மா இருக்க முடியாமல், "நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லு" என்றேன்.

"அந்தக் கோவையை மரத்தடியில போய் நின்னு வாசிங்க. குரங்குக்கும் உங்க நடைமுறை தெரியட்டும்."

அன்று மாலையே அவள் வத்தேகம ஆசிரியையைப் போனில் பிடித்தாள். நாய் சுகமாக இருக்கிறது என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை மரத்தடிக் கதிரையில் என் பழைய சட்டையை ஒரு தலையணைக்குப் போட்டு உட்காரவைத்துவிட்டு, மனைவி, நான், நண்பர் மூவரும் வத்தேகம பஸ் ஏறினோம். நண்பரை யாரும் அழைக்கவில்லை. கணக்காய்வு அவதானிப்புக்குப் பரிகாரம் காணும்வரை தனக்கு நித்திரை இல்லை என்று தானாக வந்தார்.

வத்தேகம டவுனில் இறங்கியதும் மனைவி என்னிடம் சொன்னாள்: "வெறுங்கையோட போகக்கூடாது. நீங்க ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழம் பார்த்து வாங்கிட்டு மெதுவா வாங்க. நாங்க முன்னால போறோம்."

நியாயமான பேச்சு. நான் சந்தைக்குப் போய், நல்ல சீப்பாகத் தேடி, வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன்.

நான் வருவதற்குள் நடந்ததை நண்பர் பிறகு எனக்கு விபரமாகச் சொன்னார். நாய் விறாந்தையில் கிடந்தது. முன்பைவிட இரண்டு மடங்கு பருமன். இவர்களைக் கண்டு வாலை மட்டும் இரண்டு தரம் தரையில் அடித்தது. ஆசிரியை தனக்குத் தெரிந்த தமிழில் வருத்தப்பட்டிருக்கிறார்.

"அனே, இங்க வந்து குரைக்கிறதே இல்லை. குரங்கு இல்லை, வேலையும் இல்லை. அதுக்கும் பென்ஷன்."

நண்பர் அதன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து ஒளித்தார். நாய் அவரை மரியாதையாகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியது. முற்றத்துக் கொய்யா மரத்தில் குரங்கு இருப்பதுபோல் கிளையைப் பிடித்து உலுப்பினார். ஒரு கொய்யாக்காய் அவர் தலையில் விழுந்தது. நாய் போய் அதை முகர்ந்துவிட்டு, அவர் கையை நக்கியது. எழுபது வயது மனிதர். மனைவி இதில் எதிலும் கலந்துகொள்ளாமல், விறாந்தைக் கதிரையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நான் கேற்றைத் திறந்தேன்.

அதன் பிறகு நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்வது எனக்குக் கஷ்டம். ஒரு பழுப்புநிறப் பொருள் விறாந்தையிலிருந்து புறப்பட்டது. அந்தக் குரல். ஸ்பீக்கரில் வந்ததெல்லாம் அதன் நிழல். வாழைப்பழச் சீப்பை ஒரு பக்கமும் குடையை மறுபக்கமும் பிடித்துக்கொண்டு நான் கேற்றோடு ஒட்டி நின்றேன். என் காற்சட்டையின் அடிமடிப்பு நாயின் வாய்க்குள் இருந்தது. அதை வைத்துக்கொண்டே எப்படிக் குரைத்தது என்பது இன்னும் விளங்கவில்லை.

"அப்படியே நில்லுங்க, அசையாதீங்க!" என்று மனைவி கத்தினாள். நாய்க்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"கவனம் ஐசே, கடிச்சுப்போடும்!" என்று நண்பர் அவளைவிடச் சத்தமாகக் கத்தினார்.

அதனால் பதிவு கெட்டுப்போனது.

"அண்ணே, நீங்க பேசாம இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு மனைவி என்னிடம் திரும்பினாள். "நீங்க வெளிய போயிட்டு இன்னொருக்கா வாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இது உனக்கு எப்போதிருந்து தெரியும்?" என்று கேற்றுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"மொதல்லருந்தே தெரியும். அன்னைக்கும் நீங்க காலையில நடந்துட்டுத் திரும்பி வர்றப்பத்தான் பதிஞ்சேன். மத்த யாரைப் பார்த்தும் அது அப்படிக் குரைக்காது."

"எல்லோரையும் பார்த்துக் குரைக்கும் என்றல்லவா இந்த அம்மா சொன்னார்?"

ஆசிரியை தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "அனே மஹத்தயா, எப்படி மூஞ்சிக்கு நேரே சொல்றது" என்றார்.

ஆக, நான்கு மாதமாக எங்கள் வளவைக் காத்தது என்னைப் பற்றி ஒரு நாய் கொண்டிருந்த அபிப்பிராயம். அதைக் கேட்டுத்தான் ஒரு குரங்குக் கூட்டம் முழுவதும் ஊரைவிட்டு ஓடியிருக்கிறது. எவ்வளவு பயங்கரமான ஆளை அந்த நாய் கண்டுவிட்டதோ என்று அவை நினைத்திருக்கும்.

இரண்டாம் முறை உள்ளே வந்தேன். நடுவில் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கெட்டது. மூன்றாம் முறை நாய்க்கு இளைத்துவிட்டது. பத்து விநாடியோடு படுத்துவிட்டது. அது ஆறும்வரை என்னை உள்ளே விடக்கூடாது என்று தீர்மானித்தார்கள். மற்றவர்கள் விறாந்தையில் இருந்து குடிக்க, எனக்குத் தேத்தண்ணியும் ஒரு துண்டு கேக்கும் கேற்றுக்கு மேலால் வந்தன. ரோட்டில் போன ஒருவர், கடன் கேட்டு வந்தவர் என்று நினைத்தாரோ என்னவோ, என்னை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு போனார். நண்பர் உள்ளே ஒரு தாளில் சிவப்பில் குறித்துக்கொண்டிருந்தார்: முயற்சி ஒன்று, தோல்வி, காரணம் கணக்காய்வாளர். நேர்மையான மனிதர்.

நாலாம் முறை மனைவி, "குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, கொஞ்சம் வேகமா வாங்க. கந்தோருக்குப் பிந்தின மாதிரி" என்றாள். அப்படியே போனேன். நாய் முழு பலத்தோடு எழும்பியது. அசையாமல் நின்றேன். முப்பது விநாடி தாக்குப்பிடித்தேன். பிறகு அது காற்சட்டையை விட்டுவிட்டுக் காலையே பிடிக்கப் பார்த்தபோது என்னை அறியாமல் அலறினேன். "ஐயோ! பிடிங்க! யாராவது பிடிங்க!" யாரும் பிடிக்கவில்லை. நாற்பது விநாடி முடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அந்த இடத்திலேயே மனைவி பதிவை மெல்பேர்னுக்கு மகளுக்கு அனுப்பினாள். நண்பருக்கு அனுப்பினாள். ஆசிரியைக்கும் அனுப்பினாள். நண்பர் அங்கிருந்த மூன்று போனிலும் போட்டுக் கேட்டு, எந்த நகல் யாரிடம், எந்த நாட்டில் என்று முழு விலாசத்தோடு எழுதிக் கையொப்பமிட்டார். மகளிடமிருந்து உடனே பதில் வந்தது: அப்பாவுக்கு என்ன ஆச்சு?

கதிரைத் தலையணைக்கு ஒரு நாள் பயந்திருந்த பெரிய குரங்கு மறுநாள் காலை கூட்டத்தோடு வந்து, அதன் தோளில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. மனைவி போனைத் தொட்டாள். நாய் குரைத்தது. முதல் குரைப்புக்கே குட்டிகளுள்ளவை போய்விட்டன. பெரியது மட்டும் கூரை விளிம்பில் நின்று யோசித்தது. முப்பதாவது விநாடியில் என் அலறல் வந்தது. அது திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் பாய்ந்தது.

என் குரல் சரிவு முழுவதும் எதிரொலித்தது. மேல் வீட்டு அம்மா யன்னலைத் திறந்து, "என்ன, ஐயாவுக்கு ஏதும்..." என்று விசாரித்தார். மனைவி, ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கிறார் என்றாள்.

கடைசிப் பத்து விநாடியை வெட்டித் தருகிறேன் என்று அன்று இரவே சொன்னேன். புதிய இயங்குதளத்தில் அதற்கு வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

"வேணாம்" என்றாள். "வெட்டிப் பார்த்துட்டேன். பின்னேரம் நீங்க தூங்குறப்ப."

"பிறகு?"

"நாய் மட்டும்னா அந்தப் பெரியது ரெண்டு கிளை இறங்கி வந்துட்டுது. உங்க சத்தத்துக்குத்தான் ஓடுது."

நான் நம்பவில்லை. அடுத்த நாள் நானே இரண்டு விதமாகவும் போட்டுப் பரீட்சித்தேன். அவள் சொன்னது சரி. ஆகவே தினமும் காலை ஆறரைக்கும் மாலை நாலுக்கும் நான் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன், என்னை யாராவது காப்பாற்றும்படி பின்வளவிலிருந்து நானே அலறுகிறேன். அக்கம்பக்கத்தில் இப்போது யாரும் விசாரிப்பதில்லை. பதினாலு காயும் மரத்தில் இருக்கின்றன.